ஊக்கு தெரிகிற அளவுக்கு

என் அண்ணி ஓடி யாரும் பார்த்ததில்லை. ஏற வேண்டிய பஸ் கண்ணெதிரே கிளம்பினாலும், "அடுத்தது வராமலா போயிடும்?" என்று நிழலாகப் பார்த்து நின்றுவிடுவார். ஆனால் ஓடுகிறவர்களைப் பற்றி அவரிடம் கேட்டால் போதும். எந்த ஓட்டக்காரிக்கு இடது தோள் இறங்கும், யார் கடைசி நேரத்தில் நாக்கைத் துருத்துவார், யார் முடிவுக் கோட்டைத் தொடும்போது கண்ணை மூடிக்கொள்வார் என்று அடுக்கிக்கொண்டே போவார். ஒரு நாளிதழில் விளையாட்டுப் படம் எடுப்பது அவர் வேலை. என் அண்ணனைக் கல்யாணம் செய்துகொள்வதற்கு முன்பே அந்த வேலையில் சேர்ந்தவர். கல்யாணத்தன்றுகூட விருந்தினர் யாரோ கேமராவைத் தப்பாகப் பிடிப்பதைப் பார்த்துவிட்டு, மேடையிலிருந்தே கையைக் காட்டித் திருத்தினாராம்.

அண்ணன் நகரப் பேருந்து ஓட்டுகிறார். நான் அவருடைய தங்கை. மாடியில் ஓர் அறையில் இருக்கிறேன், கீழே தெருவைப் பார்த்த அறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஆகவே அண்ணி வீட்டுக்குள் எந்த முகத்தோடு நுழைகிறார் என்பது முதலில் எனக்குத்தான் தெரியும். பையைத் தோளில் போட்டபடியே என் கடை வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசினால் படம் நன்றாக வந்திருக்கிறது. நேராகப் படியேறிவிட்டால் ஏதோ சரியில்லை.

அந்த வருடம் அவர் நேராகப் படியேறத் தொடங்கினார்.

அதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் கண்ணாடி மாற்றியிருந்தார். சிறு வயதிலிருந்தே தூரப்பார்வைக்குக் கண்ணாடி போடுகிறவர். இப்போது படிப்பதற்கும் தடுமாற்றம் வந்ததால், மேல் பகுதியில் தூரமும் கீழ்ப் பகுதியில் கிட்டத்தில் இருப்பதும் தெரிகிற மாதிரி, நடுவில் கோடே இல்லாத ஒரு கண்ணாடியைச் செய்து வாங்கினார். விலை கூடுதல். கீறல் விழாமல் இருக்க அதற்கென்று ஒரு துணி, ஒரு டப்பா. அண்ணன் அந்த டப்பாவைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு தொட்டில் கட்டிடலாமா?" என்று கேட்டார்.

கண்ணாடி வந்தது, படம் போனது. கால்பந்து வீரர் கோல் போட்ட படத்தில் கோல் கம்பத்தின் வலை துல்லியமாக இருந்தது, வீரர் புகைக்குள் நின்றார். நீச்சல் போட்டியில் எடுத்தது எல்லாமே ஒன்றுக்கு இரண்டாகத் தெரிந்தது. கேமராவின் பின்பக்கத் திரையில் சின்னதாகப் பார்க்கும்போது எல்லாம் நன்றாகவே இருக்கும். அலுவலகத்துக்குப் போய்க் கணினியில் பெரிதாக்கினால்தான் குட்டு வெளிப்படும். அந்தக் கோல் படத்தை வேறு வழியில்லாமல் அச்சிட்டார்கள். மறுநாள் ஒரு வாசகர் தொலைபேசியில் கூப்பிட்டு, "என்னங்க, மேட்ச் மலை உச்சியிலயா நடந்துச்சு? ஒரே பனியா இருக்கே?" என்று கேட்டாராம். அதை யாரோ அலுவலகத்தில் உரக்கச் சொல்ல, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அண்ணியும் சிரித்தாராம். வீட்டுக்கு வந்து சிரிக்கவில்லை.

பத்திரிகை ஆசிரியர் கெட்டவர் இல்லை. கோபம் வந்தால் மேசையைத் தட்டுவார், அவ்வளவுதான். அண்ணியை அழைத்து மெதுவாகவே சொன்னார். "கொஞ்ச நாளைக்கு மைதானத்த புதுத்தம்பி பாத்துக்கட்டும். நீங்க கூட்டம், திறப்பு விழா இதெல்லாம் எடுங்க. ஓடாத ஆளுங்கள எடுத்தா உங்களுக்கும் ஓய்வா இருக்கும்."

புதுத்தம்பி என்று அவர்கள் சொன்னது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான ஒருவரை. அண்ணிக்குப் பிறகு சேர்ந்தவர் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஓய்வு என்ற சொல்தான் அண்ணியைச் சுட்டது. அன்று சாப்பாட்டு மேசையில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு போல இருக்கு. இனிமே ஸ்டுடியோல உக்காந்து பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வேண்டியதுதான்" என்றார்.

அண்ணன் அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "எங்க நடுங்குது? காய் நறுக்கும்போது நடுங்கல. என்னைத் திட்டும்போது விரல நீட்டுவியே, அப்பவும் நடுங்கல. கேமராவுக்கு மட்டும் நடுங்குமா?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கேள்வி அண்ணிக்குள் இறங்கிவிட்டது என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தெரிந்தது.

நான் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணி முக்காலியையும் கேமராவையும் தூக்கிக்கொண்டு வந்தார். "துணிய எடுத்துடு. கிளிப்ப மட்டும் கொடியில வரிசையா மாட்டு. நிறம் மாத்தி மாத்தி."

"ஈரத்துணி அண்ணி!"

"அப்புறம் நானே காயப் போட்டுத் தர்றேன். மாட்டு."

மாட்டினேன். கொடி ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் போனது. அதன் ஒரு முனையில் நின்று பார்த்தால் கிளிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தூரத்தில் போவது போலத் தெரியும். அண்ணி முக்காலியில் கேமராவை நிறுத்தி, நடுவில் இருந்த சிவப்புக் கிளிப்பைக் குறிவைத்து, ஃபோகஸைக் கேமராவே பார்த்துக்கொள்ளும்படி விட்டு ஒரு படம் எடுத்தார். அடுத்து, மைதானத்தில் எப்போதும் செய்வது போல, அதே சிவப்புக் கிளிப்புக்குத் தன் கண்ணால் பார்த்துக் கையால் லென்ஸைத் திருகி ஒன்று. பிறகு முக்காலியைத் தள்ளி வைத்துவிட்டு, கையில் பிடித்து ஒன்று. அதற்குள் அண்ணனும் தூக்கம் கலைந்து மேலே வந்து, தண்ணீர்த் தொட்டியின் ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

மூன்று படங்களையும் என் அறையில் இருந்த கணினியில் போட்டுப் பெரிதாக்கினோம். முதல் படத்தில் சிவப்புக் கிளிப்பின் கம்பிச் சுருள்கூடத் துல்லியமாக இருந்தது. இரண்டாவதில் சிவப்பு மங்கல், அதற்குப் பின்னால் இருந்த நீலம் பளிச்சென்று இருந்தது. மூன்றாவதில் சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. எல்லாக் கிளிப்புக்கும் பக்கத்தில் ஒரு நிழல் ஒட்டியிருந்தது.

அண்ணி நாற்காலியை இழுத்துப்போட்டு வெகுநேரம் பார்த்தார். "கேமரா மேல தப்பு இல்ல. லென்ஸ் மேலயும் தப்பு இல்ல. என் கண்ணு பொய் சொல்லுது, அத நம்பி நான் திருகிக் கெடுக்கறேன். அது ஒண்ணு. கையில புடிச்சா ஆடுது. அது இன்னொண்ணு."

"ஆடாம என்ன செய்யும்?" என்றார் அண்ணன். "நீ இப்ப கேமராவ எப்படிப் புடிச்ச தெரியுமா? மூஞ்சியில பட்டுடக் கூடாதுன்னு, கொதிக்கிற பாத்திரத்தத் தூக்கற மாதிரி. முன்னாடியெல்லாம் புருவத்துல வச்சு அழுத்திக்குவ. வீட்டுக்கு வந்தா நெத்தியில தடமே இருக்கும்."

அண்ணி நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தடம் இல்லை. விலை கொடுத்து வாங்கிய கண்ணாடியில் கீறல் விழுந்துவிடுமே என்ற பயத்தில், தன்னை அறியாமல் கேமராவைக் கொஞ்சம் தள்ளியே பிடித்துப் பழகியிருக்கிறார். இரண்டு கையும் புருவமும் சேர்ந்து தாங்க வேண்டியதை இரண்டு கை மட்டும் தாங்கியிருக்கிறது.

"சரி, அது எனக்கே புரியுது. கண்ணு ஏன் பொய் சொல்லுது?" என்று மறுபடி கேமராவை எடுத்து, கண்ணை வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டருக்குள் பார்த்தார். சிறிது நேரம் அசையவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார். "இங்க வா. உள்ள, கீழ் ஓரத்துல எண் தெரியுதில்ல, அது உனக்கு எப்படி இருக்கு?"

பார்த்தேன். "மங்கலா இருக்கு அண்ணி."

"எனக்கும் மங்கல்தான். வெளியில இருக்கற கிளிப்பு மங்கலாத் தெரிஞ்சா ஃபோகஸ் சரியில்லன்னு சொல்லலாம். இந்த எண் கேமராவுக்குள்ளயே இருக்கு. இதுக்கும் லென்ஸுக்கும் சம்பந்தமே கிடையாது. இது ஏன் மங்கணும்?"

கேட்கும்போதே அவர் விரல் வியூஃபைண்டரின் பக்கவாட்டுக்குப் போய்விட்டது. அங்கே பருப்பு அளவில் ஒரு குட்டிச் சக்கரம் இருந்தது. பார்க்கிறவர் கண்ணுக்கு ஏற்ப வியூஃபைண்டரைச் சரிசெய்துகொள்வதற்கான சக்கரம். கேமரா வாங்கியபோது பழைய கண்ணாடிக்கு ஏற்றபடி திருகி வைத்தது, பிறகு மறந்தே போனது. கண்ணாடி மாறிவிட்டது. பைக்குள் உரசி உரசிச் சக்கரமும் தன் பாட்டுக்கு நகர்ந்திருக்கிறது. அண்ணி வெளிக்காட்சி எதையும் பார்க்காமல், அந்த எண்களை மட்டும் பார்த்தபடி சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக நகர்த்தினார்.

"ஆ!" என்றார். பல் வலி நின்றவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அப்புறம் கண்ணை எடுக்காமலே தலையை மெல்ல மேலே தூக்கினார். "பாரு, மோவாயத் தூக்கினா மறுபடி மங்குது. மைதானத்துல தரையில உக்காந்து அண்ணாந்துதானே பாப்பேன்? அப்ப கண்ணாடியோட கீழ்ப்பாதி வழியா பாக்கறேன். அது புத்தகம் படிக்கற பாதி. ஓட்டக்காரியப் பாக்கறதுக்கு இல்ல."

அந்த மதியம் என் ஈரத்துணியை யாருமே காயப்போடவில்லை.

மறுநாள் மாலை அண்ணி கேமராவோடு கண்ணாடிக் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். கடைக்காரர் கேமராவைப் பார்த்ததும், "போட்டோ எடுக்கறதுன்னா முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா, ஷேவ் பண்ணியிருப்பேன்" என்றார்.

"உங்கள எடுக்க வரல. எனக்குத் தூரப்பார்வைக்கு மட்டும் ஒரு கண்ணாடி வேணும். வேலைக்கு. படிக்கறது கிடிக்கறது எதுவும் அதுல கலக்கக் கூடாது."

"அப்ப எழுத்துப் பாக்கணும்னா?"

"அப்ப இத மாட்டிக்கறேன். ரெண்டு வீட்டுக்குச் சாவி தனித்தனியா வச்சுக்கறதில்லையா?"

கண்ணாடிச் சட்டம் தேர்ந்தெடுக்கத்தான் நேரம் பிடித்தது. அண்ணி ஒவ்வொன்றாகப் போட்டுக் கேமராவைக் கண்ணில் வைத்து, நாலு மூலையும் தெரிகிறதா என்று பார்த்தார். பெரிய சட்டம் என்றால் கண் தள்ளிப்போய் ஓரம் மறைந்தது. கடைசியில் முகத்தோடு ஒட்டி உட்காரும் சின்ன வட்டச் சட்டம் ஒன்று சரியாக வந்தது. கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். "உங்க முகத்துக்கு இது எடுப்பா இல்லம்மா."

"முகத்த யாரு பாக்கப் போறாங்க? அதுக்கு முன்னாடி கேமராதானே இருக்கும்!"

வியூஃபைண்டரைச் சுற்றி அகலமான ரப்பர் வளையம் ஒன்று வாங்கி மாட்டினார். இனி அழுத்தினாலும் கண்ணாடியில் கீறல் விழாது, பக்கவாட்டு வெயிலும் உள்ளே வராது. குட்டிச் சக்கரத்தைப் புதுக் கண்ணாடிக்கு ஏற்றபடி திருகி, நகராமல் இருக்க அதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டினார். என் பங்குக்கு, கண்ணாடி நழுவாமல் தலைக்குப் பின்னால் கட்டிக்கொள்ள எலாஸ்டிக் பட்டி ஒன்று தைத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் என் கஷ்டகாலம் ஆரம்பித்தது. பயிற்சிக்கு ஓடுகிற ஆள் வேண்டுமே. அண்ணன் ஓட்டும் பஸ்ஸை அண்ணி நிறுத்தத்தில் நின்று படம் எடுத்தார், பஸ் பெரிது, சுலபமாக வந்துவிட்டது. நாய்கள் கூப்பிட்ட நேரத்துக்கு ஓடவில்லை. மிச்சம் இருந்தது நான். வீட்டுக்குப் பின்னால் ஆளரவம் இல்லாத சந்தில் ஒரு மரப்பெஞ்சைப் போட்டு, அதைத் தாண்டச் சொன்னார். எனக்கு உட்கார்ந்தே செய்கிற தொழில். உடம்பும் அதற்கேற்ற உடம்பு.

"அண்ணி, நாத்தனார இப்படி ஓட விடறது எந்த ஊரு நியாயம்?"

"பேசாம ஓடு. பேசினா வாய் கோணலா விழுது."

எதிர்வீட்டு இரண்டாம் மாடிக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மரியாதையாக மூடிக்கொண்டார். நான் தாண்டித் தாண்டிப் பெஞ்சின் மேல் உட்கார்ந்துவிடும்போதெல்லாம் அண்ணி ஷட்டரின் வேகத்தைக் கூட்டினார். ஒரே ஒரு ஃபோகஸ் புள்ளியை வைத்துக்கொண்டு அதை என் சட்டையின் நடுப் பொத்தானில் ஒட்ட வைக்கப் பழகினார். மூச்சை மேல்நோக்கி விட்டால் கண்ணாடியில் ஆவி படிகிறது என்று கண்டுபிடித்து, கீழுதட்டை உள்ளே இழுத்து மார்பைப் பார்த்து ஊதக் கற்றுக்கொண்டார். எடுத்ததை உடனுக்குடன் திரையில் பெரிதாக்கிப் பார்த்துத்தான் அடுத்ததுக்குப் போனார். முதலில் என் பொத்தான் தெளிவானது. பிறகு பொத்தானின் துளைகள். ஒரு நாள் நூலே தெரிந்தது. "இந்தப் பொத்தான நீயா தச்ச? நூல் பிரிஞ்சிருக்கே!" என்று அண்ணி கத்தியபோது, எனக்கு அவமானமும் சந்தோஷமும் சேர்ந்தே வந்தன. அன்று அவர் நெற்றியில் பழையபடி தடம் இருந்தது.

மாநிலத் தடகளப் போட்டி வந்தது. பெண்கள் தடை ஓட்டமும் ஆண்கள் ஈட்டி எறிதலும் ஒரே நேரத்தில் மைதானத்தின் இரண்டு மூலைகளில். புதுத்தம்பியே ஆசிரியரிடம் போய், "ரெண்டு இடத்துலயும் நான் ஒருத்தன் நிக்க முடியாது சார். தடை ஓட்டத்த அக்கா எடுக்கட்டும்" என்றார். ஆசிரியர் யோசித்தார். "எடுக்கட்டும். ஆனா முதல் பக்கத்துக்கு ஈட்டிதான்" என்றார்.

எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் தடை ஓட்டத்துக்குத்தான் வந்திருந்தார்கள். சந்தையில் மீன்கடை வைத்திருப்பவரின் மகள் அதில் ஓடினாள். முந்தைய ஆண்டு கடைசித் தடையில் கால் இடித்து விழுந்தவள். அண்ணனும் நானும் கூரையில்லாத பக்கத்தில், மலிவு டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தோம்.

ஓட்டக்காரிகள் வரிசையில் நிற்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. தூறல் இல்லை, நல்ல மழை. முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்ற படக்காரர்களில் பாதிப்பேர் கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூரைக்கு அடியில் ஓடினார்கள். எஞ்சியவர்கள் கண்ணாடியையும் லென்ஸையும் மாறி மாறித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணியை நான் தேடினேன். முடிவுக் கோட்டுப் பக்கம் அவர் இல்லை. கடைசித் தடைக்கு எதிரே, புல்தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். தலையில் முன்பக்கம் நீண்ட தொப்பி, கேமராவுக்குப் பிளாஸ்டிக் உறை. அந்த இடத்தை அவர் ஏன் பிடித்தார் என்று எனக்குப் பிறகு சொன்னார்: "அந்தப் பொண்ணுக்கு முடிவுக் கோடு பெரிசில்ல. அந்தக் கடைசித் தடைதான் பெரிசு."

துப்பாக்கி வெடித்தது. பாதித் தூரம்வரை மீன்கடைக்காரர் மகள் மூன்றாவதாக வந்தாள். அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். பக்கத்தில் இருந்தவர்களும் நின்றுவிட்டார்கள், எனக்கு முதுகுகள்தான் தெரிந்தன. நான் பெஞ்சின் மேல் ஏறினேன். பழகிய காரியம். கடைசித் தடைக்கு வரும்போது அவளும், முன்னால் ஓடியவளும் ஒரே கோட்டில் இருந்தார்கள். இருவரும் ஒன்றாக எழும்பினார்கள். முன்னவளின் பாதம் தடையில் தட்டியது. இவள் தண்ணீரைச் சிதறிக்கொண்டு பறந்து இறங்கி, ஓடி, நெஞ்சால் கோட்டைத் தொட்டாள். மைதானமே எழுந்து கத்தியது. அந்தக் கூச்சலுக்கு நடுவே நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் கத்தவில்லை. தலையைக் குனிந்து, தொப்பியின் நிழலில் திரையைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, மழையில் எங்களை எங்கே என்று தேடி, தெரியாமலே எங்கள் பக்கமாகக் கையை உயர்த்தினார்.

அலுவலகத்தில் நடந்ததைப் புதுத்தம்பிதான் என் கடை வாசலில் நின்று நடித்தே காட்டினார். ஆசிரியர் படத்தைக் கணினியில் பார்த்தாராம். இரண்டு ஓட்டக்காரிகளும் காற்றில். ஒருத்தியின் பாதம் தடையில் பட்டு, தடை சாய ஆரம்பித்திருக்கிறது. மற்றவளின் முகத்தில் சாயாத உறுதி. சுற்றிலும் மழைத்துளிகள் கோடாக இழுபடாமல் மணி மணியாக நின்றன.

"பெருசாக்குங்க" என்றாராம் ஆசிரியர்.

பெரிதாக்கினார்கள். கண் இமையில் தொங்கும் துளி தெரிந்தது.

"இன்னும்."

நெஞ்சில் குத்தியிருந்த எண் அட்டையின் ஈரச் சுருக்கங்கள் தெரிந்தன.

"இன்னும் பண்ணுங்க, எங்க உடையுதுன்னு பாப்போம்!"

அட்டையைப் பிடித்திருந்த ஊக்கு தெரிந்தது. அது ஒரு பக்கம் துருப்பிடித்திருப்பதும் தெரிந்தது. ஆசிரியர் மேசையைத் தட்டினாராம், இந்த முறை கோபத்தில் இல்லை. "ஈட்டிய உள்ள தூக்கிப் போடுங்க! இது முதல் பக்கம், இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும்!" ஈட்டிப் படம் எடுத்தவரே இதைச் சொல்லும்போது வாயெல்லாம் பல்.

மறுநாள் காலை அண்ணன் பத்திரிகையைத் தன் இருக்கைக்குப் பின்னால் இருந்த கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பஸ்ஸை எடுத்தார். ஏறுகிறவர்களிடமெல்லாம், கேட்டாலும் கேட்காவிட்டாலும், "எடுத்தது எங்க வீட்டுக்காரம்மா" என்றார். இரண்டு நிறுத்தங்களில் தாமதம் என்று மேலதிகாரியிடம் புகார் போனது. அவரும் வந்து படத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த வாரமே மைதானம் அண்ணியிடம் திரும்பி வந்தது. மீன்கடைக்காரர் மகள் நன்றி சொல்ல அலுவலகத்துக்கு வந்தாள். படத்தை உற்றுப் பார்த்து, "அக்கா, என் மூக்கு நிஜமாவே இப்படியா இருக்கு?" என்று கவலையோடு கேட்டாள். "ஜெயிச்ச மூக்கும்மா, அப்படியே இருக்கட்டும்" என்றார் அண்ணி.

தேசியப் போட்டிக்கு முன்னால் தடகளச் சங்கத்திலிருந்து அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் போனார்கள். எதற்கு என்று நாங்கள் அங்கே போய்த்தான் பார்த்தோம். அரங்கத்தின் பெரிய வாசலுக்கு மேல், இரண்டு மாடி உயரத்துக்குப் படம் தொங்கியது. ஒவ்வொரு மழைத்துளியும் பூசணிக்காய் அளவு. அவ்வளவு பெரிதாக்கியும் எந்த இடத்திலும் சிதறவில்லை, கலங்கவில்லை. அடியில் சிறிய எழுத்தில் அண்ணியின் பெயர் இருந்தது. அண்ணன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் போய், நின்றிருந்த சைக்கிள் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

வாசலில் மீன்கடைக்காரர் சலவைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். படத்துக்குக் கீழே தன்னை எடுக்கச் சொல்லிப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் கைபேசியை நீட்டினார். ஒருவர் எடுத்ததில் மகளின் தலை இல்லை. இன்னொருவர் எடுத்ததில் இவர் தலையே இல்லை. அண்ணி போய்க் கைபேசியை வாங்கினார். அதன் லென்ஸில் ஒட்டியிருந்த மீன் செதிலைத் தன் முந்தானையால் துடைத்தார். பிறகு வாசலுக்கு முன்னால் இருந்த பளபளக்கும் சதுக்கத்தின் நடுவில், அத்தனை பேர் பார்க்க, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, கொஞ்சம் இடது பக்கம். இன்னும் கொஞ்சம். பொண்ணுக்கு நேர் கீழ வாங்க. மோவாயத் தூக்குங்க, அவ உங்க பொண்ணு!"

மீன்கடைக்காரர் மோவாயைத் தூக்கினார்.